மணியின் பெயர் கொண்ட ஒரு ஊர்: ஸ்வொன்கோவா

பழைய ஆஸ்திரிய ராணுவ வரைபடத்தையும் இன்றைய செக் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. தெற்கு பொஹீமியாவில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய காட்டுக்குள் பழைய படம் கிளோக்கெல்பெர்க் என்று ஒரு ஊரைக் காட்டுகிறது. வீடுகள் வரிசையாக இருக்கின்றன. புதிய படத்தில் அதே இடத்தில் ஸ்வொன்கோவா என்ற பெயர் இருக்கிறது. ஒரு தேவாலயமும் ஒரு கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. வீடுகளைத்தான் காணோம்.

இரண்டு பெயருக்குள்ளும் மணி இருக்கிறது. ஜெர்மனில் குளோக்க, செக்கில் ஸ்வொன்.

ஊருக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாயைச் சொல்லாமல் இந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. ஷ்வார்ஸன்பெர்க் பிரபுக்களுக்கு இந்த மலைகளில் ஏராளமான காடு இருந்தது. வியன்னா நகரத்துக்கோ விறகு வேண்டும். ஆனால் இந்தக் காட்டின் ஓடைகள் வுல்தாவா ஆற்றில் சேர்ந்து, வடக்கே பிராக் பக்கம் போய், கடைசியில் வட கடலில் கலக்கின்றன. வியன்னா இருப்பது தென்கிழக்கே, டான்யூப் கரையில். நடுவில் மலைமுகடு. மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகாது.

யோசெஃப் ரோசெனௌவர் என்ற பொறியாளர் கண்டுபிடித்த வழி எளிமையானது. மலைச்சரிவை ஒட்டி, மிக மெல்லிய சாய்வில் கால்வாய் வெட்டி, ஓடைத் தண்ணீரை அதில் திருப்பி, முகட்டின் தாழ்வான இடம் வழியாக மறுபக்கம் இறக்கிவிடுவது. 1789-இல் வேலை தொடங்கியது. வெட்டிய கட்டைகளைத் தண்ணீரில் போட்டால் அவை ஆஸ்திரியப் பக்கத்து மூல் ஆற்றுக்குப் போகும், அங்கிருந்து டான்யூப், பிறகு வியன்னா. 1820-களில் கால்வாயை நீட்டி, மலையைக் குடைந்து 400 மீட்டருக்கும் அதிகமான சுரங்கமும் கட்டினார்கள். மொத்த நீளம் 50 கி.மீ.-ஐத் தாண்டும். வட கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரைக் கருங்கடல் பக்கம் திருப்பிய வேலை இது, யோசிச்சுப் பாருங்க! அன்று இரு பக்கமும் ஒரே பேரரசு. அதனால் காட்டுக்குள் எல்லைக் கோடு ஒரு பொருட்டே இல்லை.

1918-இல் அந்தக் கோடு நாட்டு எல்லையானது. 1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பகுதி ஹிட்லரின் ஜெர்மனிக்குள் போனது. 1940-இல் இங்கே பங்குத்தந்தையாக வந்தவர் எங்கெல்மார் உன்சைட்டிக், 30 வயதுகூட ஆகாத இளைஞர். மறையுரையில் யூதர்களுக்காகப் பேசினார். 1941 ஏப்ரலில் கைது, பிறகு டாக்காவ் வதைமுகாம். 1945 தொடக்கத்தில் முகாமில் டைஃபஸ் பரவியபோது, நோயாளிகள் கிடந்த கொட்டடிக்குத் தானாகவே முன்வந்து போய் அவர்களைக் கவனித்தார். அதே நோயில் மார்ச் 2 அன்று இறந்தார். இன்னும் இரண்டு மாதம் கூட இல்லை, அமெரிக்கப் படை முகாமுக்குள் வந்துவிட்டது. 2016-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது.

போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா தன் ஜெர்மானியக் குடிகளை வெளியேற்றியது. யார் நாஜி, யார் இல்லை என்று பெரும்பாலும் பார்க்கவில்லை. கிளோக்கெல்பெர்க்கும் காலியானது. 1948-க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு எல்லையோரத்தைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக்கியது. முள்வேலி வந்தது, ஆளில்லாத வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். தேவாலயம் மட்டும் பாழடைந்து நின்றது. 1950-களின் இறுதியில் லிப்னோ அணை நீர் நிரம்ப, வடக்கேயும் ஏரி வந்து வழியை அடைத்தது.

என் கணக்கில் இந்த ஊரைக் கொன்றது போர் மட்டுமல்ல. இரு பக்கமும் போக்குவரத்து இருந்ததால் பிழைத்த ஊர் இது. அந்தப் போக்குவரத்தை நிறுத்தியபின் இங்கே ஒருவர் குடியிருக்கக் காரணமே இல்லாமல் போனது.

1990-களின் தொடக்கத்தில், வெளியேற்றப்பட்டவர்கள் முதியவர்களாகத் திரும்பி வந்து, நேபொமுக் நகர் புனித யோவான் பெயரிலுள்ள தேவாலயத்தையும் கல்லறைகளையும் சீரமைத்தார்கள். குடியேற அல்ல, கும்பிட்டுவிட்டுப் போகத்தான்.

இன்று ஹோர்னி பிளானாவிலிருந்து வருபவர்கள் ஏரியைப் படகில் கடந்து, காட்டுச் சாலையில் தெற்கே வரலாம். அப்படியே சைக்கிளில் ஆஸ்திரியாவுக்குள் போய்விடலாம். கடவுச்சீட்டு கேட்க எல்லையில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.