தவறணையும் கடைத்தெருவும்: ஒரு மனு எழுதப் போய் அறிந்தவை

சென்ற ஆண்டு நோன்புக்கு முந்திய மாதத்தில், எமது ஊர்ப் பிரதான வீதியில் பழைய அரிசி ஆலை இருந்த வளவில் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்கான கட்டிட வேலை தொடங்கியது. அத்திவாரம் வெட்டி ஒரு கிழமை ஆகுமுன்னரே, அங்கே சாராயமும் விற்கப் போகிறார்கள் என்ற கதை ஊரெங்கும் பரவிவிட்டது. அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் நிர்வாக சபையினர் என்னை அழைத்தார்கள்.

"சேர், பிரதேச செயலாளருக்கு ஒரு மனு அனுப்பணும். நீங்கதான் வடிவா எழுதித் தரணும்" என்றார் தலைவர் ஹாஜியார்.

ஊர்ப் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவன் நான். திருமண அழைப்பிதழ் முதல் வீதிவிளக்கு மனு வரை எழுதிக் கொடுப்பது என் வழக்கம். மறுக்கவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒரு தயக்கம் வந்தது. ஆசிரியர் கலாசாலையில் எமக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர், ஒரு சட்டத்தைப் படிக்குமுன் அது யாருடைய வருமானத்துக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள் என அடிக்கடி சொல்வார். மதுவரிச் சட்டம் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எனவே இரண்டு கிழமை தவணை கேட்டுக்கொண்டு தேடிப் படிக்கலானேன்.

இந்நாட்டில் மது விற்பனை என்பது தொடக்கத்திலிருந்தே அரசாங்கத்தின் வருமான விடயமாகவே இருந்து வந்துள்ளது. ஒல்லாந்தர் காலத்தில் நிலவிய குத்தகை முறையை ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். ஒரு பிரதேசத்தில் சாராயத்தைச் சில்லறையாக விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்படும். கூடிய விலைக்குக் கேட்டவர் குத்தகைக்காரராவார். அவர் தமக்குக் கீழே சிறு குத்தகைக்காரரை அமர்த்தித் தவறணைகளை நடத்துவார். குத்தகைப் பணத்துக்கு மேல் விற்பதெல்லாம் அவருடைய இலாபம் என்பதால், கூடுதலாகக் குடிக்க வைப்பதே அவருடைய தொழிலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலனித்துவ அரசின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்களவு, சில காலங்களில் அதற்கு மேலும், இந்த வழியிலேயே வந்தது.

கலாநிதி குமாரி ஜயவர்த்தன 2000 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'நோபடீஸ் டு சம்படீஸ்' என்ற நூல், இந்தக் குத்தகைப் பணமே இலங்கையின் புதிய செல்வந்த வகுப்பு எழுவதற்கு முக்கிய மூலதனமாக இருந்தது என்பதை விரிவாகக் காட்டுகிறது. அப்பணம் தென்னந்தோட்டமாக, காரீயச் சுரங்கமாக, கொழும்பில் மாளிகையாக, பிள்ளைகளின் இங்கிலாந்துப் படிப்பாக உருமாறியது. பிற்காலத்தில் மதுவிலக்கு மேடைகளில் ஏறிய குடும்பங்கள் சிலவற்றின் செல்வத்திலும் சாராயக் குத்தகைக்குப் பங்கிருந்தது. சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டீ.எஸ். சேனநாயக்கவின் தந்தையார் காரீயத்தில் பொருளீட்டியவர். அவர் சாராயக் குத்தகையிலும் முதலிட்டிருந்தார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தந்தை முதலிட்ட தொழிலுக்கு எதிராகப் பிள்ளைகள் நின்றார்கள் என்பதும் வரலாறுதான்.

1904 இல் தென்பகுதிக் கிராமங்களில் மதுவிலக்குச் சங்கங்கள் எழுந்தன. சில காலத்தில் அந்த வேகம் தணிந்தது. ஆனால் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அதை மீண்டும் மூட்டிவிட்டது. பழைய குத்தகை முறைக்குப் பதிலாக அனுமதிப்பத்திர முறையும், அதை நிருவகிக்க மதுவரித் திணைக்களமும் வந்தன. கள்ளும் சாராயமும் வெவ்வேறு தவறணைகளுக்குப் பிரிக்கப்பட்டன. சீர்திருத்தம் என்று அரசாங்கம் சொன்னது. மக்கள் கண்டதோ, முன்பு தவறணையே இல்லாத இடங்களிலும் புதிதாக எழுந்த கள்ளுத் தவறணைகளைத்தான். எப்.ஆர். சேனநாயக்க, டீ.எஸ். சேனநாயக்க, டீ.பீ. ஜயதிலக்க முதலானோர் கிராமம் கிராமமாகக் கூட்டம் நடத்தினர். அரசாங்கத்தை நேரடியாக எதிர்க்க முடியாதிருந்த காலத்தில் தவறணையை எதிர்ப்பது அரசாங்கத்தை எதிர்ப்பதாகவே அமைந்தது. பின்னர், ஓர் ஊரவர் வாக்களித்துத் தங்கள் தவறணையை மூடிவிடக்கூடிய ஏற்பாடும் வந்து, பல ஊர்கள் அவ்வாறே மூடிக்கொண்டன. நூறு வருடத்துக்கு முன்னர் குடியானவனுக்கு இருந்த அந்த உரிமையை வாசித்தபோது எனக்கு உற்சாகம் பிறந்தது. மனுவுக்கு நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது என்றே எண்ணினேன்.

ஆனால் அடுத்த பக்கம் 1915.

அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் நாளையொட்டிக் கண்டியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் மேற்கு, தெற்குக் கரையோரம் வரை பரவியதை நாம் அறிவோம். கம்பளைப் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து செல்வது பற்றிய வழக்கு அதன் உடனடிக் காரணம். 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 4,000க்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. ஆங்கிலேய அரசு ஜூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து கண்மூடித்தனமாகச் சுட்டது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7 ஆம் திகதி மரணதண்டனைக்கு உள்ளானார். மதுவிலக்குச் சங்கங்களே சதிக்கூடங்கள் என்று ஐயுற்ற அரசு, மேலே குறிப்பிட்ட தலைவர்களையெல்லாம் சிறையிலிட்டது. அவர்கள்மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை. சட்ட நிரூபண சபையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதிட்டதும், பாதிக்கப்பட்ட முஸ்லிம்களின் மனம் அதனால் புண்பட்டதும் எமது இலக்கிய வட்டங்களில் பலமுறை பேசப்பட்டவை. அவற்றை இங்கு விரிக்கவில்லை.

நான் நின்று யோசித்தது வேறொன்றை. சூறையாடப்பட்டவை எவை? பெரும்பாலும் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் சில்லறைக்கடைகள். அரிசி, கருவாடு, துணி, மண்ணெண்ணெய் விற்ற கடைகள். உலக யுத்தத்தால் விலைகள் ஏறியிருந்தன. வாடிக்கையாளர் கடன்பட்டிருந்தனர். உள்ளூரில் புதிதாகத் தலையெடுத்த வணிகர்களுக்கு இவர்கள் போட்டியாளர்கள். வந்தான் வணிகன் எங்கள் ஊரைக் கெடுக்கிறான் என்ற பேச்சு, ஒழுக்கம், மதம், ஊர்ப்பற்று என்ற ஆடைகளை அணிந்துகொண்டு பத்திரிகைகளில் முன்னரே உலாவியிருந்தது. மது வேண்டாம் என்ற நல்ல குரலும், அந்நியன் கடை வேண்டாம் என்ற பொறாமைக் குரலும் ஒரே காலத்தில், சில வேளைகளில் ஒரே வாயிலிருந்து வந்தன.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனெனில் ஹாஜியார் எனக்குத் தந்திருந்த குறிப்புத்தாளில் மூன்று அம்சங்கள் இருந்தன. முதலாவது, மது விற்பனைக்கு அனுமதி வழங்கக் கூடாது. இரண்டாவது, வெளியூர் முதலாளியின் கடையால் ஊர் வியாபாரம் கெடும். மூன்றாவது, ஆதலால் கடைக்கே அனுமதி வழங்கக் கூடாது. 1915 இல் எமக்கெதிராகச் சொல்லப்பட்ட வாக்கியத்தை என் கையெழுத்தில் எழுதித் தரும்படி நான் கேட்கப்பட்டிருந்தேன். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் எமது கடைகளுக்குப் போகாதே என்று துண்டுப்பிரசுரம் வந்தபோது நாம் பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

கடைகளின் வரலாற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 அளவில், பங்கீட்டுப் பொருள்களை வழங்கக் கூட்டுறவுக் கடைகள் ஊர்தோறும் முளைத்தன. 1957 இல் அமைச்சர் பிலிப் குணவர்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தினார். நான் சிறுவனாக உணவு முத்திரையோடு வரிசையில் நின்றது அந்தச் சங்கக் கடையில்தான். அது வந்தபோதும் சில்லறைக்கடைக்காரர் எதிர்த்தார்கள் என வாப்பா சொல்வார். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1983 இல் கொழும்பில் கார்கில்ஸ் நிறுவனம் தன் முதலாவது புட் சிட்டியைத் திறந்தது. நாற்பது ஆண்டுகளில் அந்த வகைக் கடைகள் சிறு நகரங்களையும் எட்டிவிட்டன. அவற்றில் பலவற்றுக்குப் பக்கத்திலேயே தனி வாசலோடும் தனிக் காசாளரோடும் மது விற்கும் அறை ஒன்று இருப்பதை எவரும் காணலாம். ஊரவரின் பயம் வெறும் கற்பனையல்ல.

சட்டமோ இன்றும் 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மீதே நிற்கிறது. அதன் கீழ் அறிவித்தல்கள் மாறி மாறி வருகின்றன. பாடசாலைக்கும் வணக்கத்தலத்துக்கும் இத்தனை தூரம் தள்ளி என்ற நிபந்தனையும், போயா தினத்தில் மூட வேண்டும் என்ற விதியும் உண்டு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் விளம்பரத்தையும் தடைசெய்தது. பெண்களுக்கு மது விற்பதையும் மது விற்குமிடங்களில் பெண்கள் வேலை செய்வதையும் தடுத்த 1979 ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப் பெறச் செய்தார். 2021 செப்டெம்பரில், கொரோனா ஊரடங்கு நடைமுறையில் இருக்கும்போதே மதுக்கடைகள் திறக்கப்பட்டன. பள்ளிக்கூடங்கள் மூடியே கிடந்தன. 2024 டிசம்பரில், அவ்வாண்டில் மட்டும் முன்னைய ஆட்சியில் 360க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிகள் வழங்கப்பட்டமை பாராளுமன்றத்தில் பட்டியலாகச் சமர்ப்பிக்கப்பட்டது. அன்று ஏலத்தில் பகிரங்கமாகக் கூவி விற்கப்பட்டது இன்று மேசைக்கு அடியால் கைமாறுகிறது என்று மக்கள் ஐயுறுகிறார்கள்.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். அந்தக் கட்டிடத்துக்கு மதுபான அனுமதி கோரி விண்ணப்பம் எதுவும் வரவில்லை என்றார்கள். கதை எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டுப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி அது கடைத்தெருவுக்கே வந்து நின்றது.

திரும்பும் வழியில் என் மாணவன் ஒருவனின் தாயைச் சந்தித்தேன். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பெண், தோணிக்காரக் குடும்பம். "சேர், உங்கட ஊரில கடை வராட்டி என்ன, எங்கட மனுசன் டவுனுக்குப் போய்க் குடிச்சிட்டுத்தானே வாறார். உங்கட பொடியன்களும் மோட்டச் சைக்கிள்ல அங்கதான் வாறாங்களாம். எங்களிட்ட ஆரும் கையெழுத்துக் கேக்கல்லியே" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிரவு நிர்வாக சபைக் கூட்டத்தில் நான் அறிந்தவற்றைச் சொன்னேன். 1915 பற்றிச் சொன்னபோது ஒரு கடைக்கார மச்சான் எழுந்தார். "சேர், அவங்க எங்கள அடிச்சாங்க. நாங்க யாரையும் அடிக்கல்ல. ரெண்டும் ஒண்டா?"

"ஒண்டில்ல மச்சான். ஆனா அவங்க அடிக்க முந்தி எழுதினாங்க. அத மட்டும்தான் நான் சொல்றன்" என்றேன்.

நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஹாஜியாரே சொன்னார்: "சாராயத்தப் பத்தி எழுதுங்க சேர். கடையப் பத்தி வேணாம்."

புதிய மனுவில் இரண்டு கோரிக்கைகள் மட்டும் இருந்தன. எமது பிரதேசத்தில் எவர் மதுபான அனுமதி கேட்டாலும் ஊரவர் அபிப்பிராயம் பகிரங்கமாகக் கேட்கப்பட வேண்டும். பக்கத்து டவுனில் ஏற்கெனவே உள்ள மதுக்கடைகள் நேர விதிகளைப் பேணுகின்றனவா என்று பரிசோதிக்க வேண்டும். பக்கத்துக் கிராமப் பெண்கள் 40 பேர் எம்மோடு கையொப்பமிட்டார்கள். கடைத்தெருவிலிருந்து ஏழு பேர் கையொப்பமிட மறுத்தார்கள். அவர்களுடைய கவலை பொய்யானதல்ல. அதற்கு வேறொரு மனு எழுதலாம், கடன்வசதி கேட்கலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். இதுவரை எவரும் வரவில்லை.

சுப்பர் மார்க்கெட் திறந்தாகிவிட்டது. அங்கே சாராயம் இல்லை. எங்கள் வீதி மூலையில் முப்பது வருடம் கடை வைத்திருந்த காக்கா, இந்த வருடம் பாதிக் கடையை மூடிவிட்டார். நான் இப்போதும் அவரிடமே கடன் கொப்பியில் சீனி, பருப்பு வாங்குகிறேன். மனு பற்றி அவர் என்னிடம் பேசுவதில்லை. கணக்கை மட்டும் கொப்பியில் எழுதி, மாதக் கடைசியில் நீட்டுகிறார்.