மூன்று வாய், நான்கு சிலிண்டர்

ஃபோர்டு 1932இல் வெளியிட்ட வி8 எஞ்சினை மலிவின் அதிசயமாகவே நாம் போற்றிவந்திருக்கிறோம். அதன் குறை புகைவழியில் இருந்தது. கொதிக்கும் புகை, குளிர்நீர் சூழ்ந்த பிளாக்கின் ஊடாகவே வெளியேறியது. எஞ்சின் எளிதில் சூடேறியது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள், புகைவாய்களோ மூன்று. நடுவிலுள்ள இரண்டுக்கும் ஒரே வாய்.

கலிஃபோர்னிய இளைஞர்கள் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஹெடர்களை வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டினர். மியூராக் வறண்ட ஏரிப்படுகையில் வேகம் பார்த்தனர். (இரைச்சல் கூடியதையும் பலனாகவே கொண்டனர் போலும்!) ஆனால் வாயைக் கடந்த புகைக்கே அக்குழாய்கள் வழிவிட்டன, பிளாக்கினுள் நேர்ந்த நெரிசலை அவை தீண்டவில்லை. 1955ஆம் ஆண்டின் ஷெவ்ரோலே வி8இல் சிலிண்டருக்கொரு வாய் இருந்தது. ஹெடரிலும் பக்கத்துக்கு நான்கு குழாய்களாயின.