ஓர் எம் இடம்

எம் குவாட் என்பது எழுத்தில்லாத ஈயச் சதுரம். 10 பாயிண்ட் எழுத்துக்கு 10 பாயிண்ட் அகலம். பத்தியின் முதல் வரியை அதை வைத்துத்தான் தொடங்குவோம். மேற்கோள் வந்தால் ஒவ்வொரு வரிக்கும் இருபுறமும் குவாட் அடைத்து உள்ளே தள்ளுவோம். 1974-ல் அச்சகத்தில் கம்பாசிடராகச் சேர்ந்த புதிதில், மேற்கோளின் முதல் வரிக்கு இன்னும் ஓர் எம் சேர்த்துவிட்டேன். ப்ரூஃப் பார்த்த பெரியவர் மூலப் புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

"தம்பி, இது பத்தியோட நடுவுல இருந்து எடுத்தது. நீ இடம் விட்டா, அவர் பேச்சை இங்கதான் தொடங்கினார்னு ஆயிடும்."

ஒரு குவாட்டை உருவினால் தீராது. முதல் வரியில் இடம் கூடும், அடுத்த வரிச் சொல் மேலே ஏறும். பதினொரு வரியையும் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் ஏற்றி மறுபடி அடைத்தேன். அன்று மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு.

ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில் விவிலிய மேற்கோள் வரும் வரிகளின் ஓரத்தில் டிப்லே என்ற அம்புமுனைக் குறி இடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களிலும் வரிதோறும் மேற்கோள்குறி நிற்கும். பிறகு குறிகள் போய், உள்ளே தள்ளிய வரிகளே அடையாளமாயின. நம் ஓலைச்சுவடியில் மூலம், உரை, மேற்கோள் எல்லாம் ஒரே ஓட்டம். 1887-ல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே.சா., உரைக்குள் வரும் மேற்கோள் எந்த நூலுடையது என்று தேடித் தேடிக் கண்டறிந்த உழைப்பை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

டொனால்ட் நூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் லாடெக்கை அமைத்தபோது மேற்கோளுக்கு இரண்டு வழிகள் வைத்தார். 'கோட்' குறு மேற்கோளுக்கு. அதில் முதல் வரி உள்ளே போகாது. 'கோட்டேஷன்' பல பத்திகளுக்கு; ஒவ்வொரு பத்தியும் ஒன்றரை எம் தள்ளித் தொடங்கும், முதல் பத்தியும்கூட. நடுவில் எடுத்த பகுதிக்கும் அது தொடக்கம் கற்பித்துவிடுகிறது. முதல் வரி இடத்தை நீக்கும் வழக்கமான 'நோஇன்டென்ட்' கட்டளை அந்த முதல் பத்தியிடம் செல்லாது. மேற்கோளை மென்பொருள் உள்ளுக்குள் ஒரு பட்டியலாகவே கட்டுகிறது. முதல் பத்தியின் இடம் 'ஐட்டம்இன்டென்ட்' என்ற அளவிலிருந்து வருகிறது. அதைப் பூஜ்யமாக்க வேண்டும். அடுத்த பத்திகளின் இடம் அப்படியே நிற்கும், வரிகளை மென்பொருளே மறுபடி பிரித்துக்கொள்ளும்.

போன மாதம் ஓர் ஆய்வேட்டைப் பக்கம் அமைத்தேன். நீண்ட மேற்கோள் ஒன்பது. ஒன்பதுக்கும் மூலப் பக்கத்தைக் கேட்டு வாங்கிய பிறகே கைவைத்தேன். ஆறு, நடுவிலிருந்து எடுத்தவை.