சுங்கான் புகையிலை: உலர்த்தி உதிர்த்துப் புகைப்பதால் தீங்கு குறையுமா?

சுங்கான் அல்லது பைப் எனப்படும் புகைக்குழாயில் இட்டுப் புகைக்கப்படும் புகையிலை வகைகளுள் ஃபிளேக் புகையிலையும் ஒன்று. பதப்படுத்திய இலைகளை அடுக்கிக் கட்டியாக அழுத்தி, மெல்லிய தகடுகளாகச் சீவி விற்கின்றனர். டப்பாவைத் திறக்கும்போது தகடுகள் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். எனவே அவற்றைச் சிறிது நேரம் காற்றாட உலர்த்தி, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து இழைகளாக உதிர்த்து, குழாயின் கிண்ணத்தில் நிரப்புவர். உதிர்க்காமல் மடித்துச் செருகுவோரும் உண்டு.

இம்முறைகள் புகையிலை எரியும் விதத்தை மட்டுமே மாற்றுகின்றன. ஈரம் மிகுந்தால் அடிக்கடி அணையும். சூடான நீராவி நாக்கைச் சுடும். மிகவும் உலர்ந்து நுண்ணிதாக உதிர்ந்தால் விரைவாகவும் கூடுதல் வெப்பத்துடனும் எரியும். எவ்வளவு பக்குவமாகத் தயாரித்தாலும் எரியும் புகையிலையிலிருந்து கார்பன் மோனாக்சைடும் தாரும் புற்றுநோய் விளைவிக்கும் வேதிப்பொருள்களும் வெளிப்படவே செய்யும்.

"நான் புகையை உள்ளே இழுப்பதில்லை"

சுங்கான் புகைப்போர் பலரும் கூறும் விளக்கம் இது. ஆனால் நிகோட்டின் வாயின் உட்சவ்வு வழியாகவும் இரத்தத்தில் கலக்கக்கூடியது. உதடு, வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிடச் சுங்கான் புகைப்போருக்கு அதிகம். சுங்கானுக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964-லேயே உறுதிப்படுத்தியது. சிகரெட்டை விட்டுச் சுங்கானுக்கு மாறியவர்கள் பழக்கத்தால் புகையைத் தொடர்ந்து உள்ளிழுப்பதால், மாறியதன் பயனாக அவர்கள் எண்ணும் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

வெப்பத்தால் மேலண்ணம் வெளுத்து, ஆங்காங்கே சிவந்த புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. புகைப்பதை நிறுத்தினால் இது பொதுவாக மறையும். எனினும் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்குவதில் சிரமம், நீங்காத குரல் கரகரப்பு ஆகியவை இருப்பின் தாமதியாமல் மருத்துவரை அணுகவும்.

மருத்துவரிடம் கூற வேண்டியது

"சிகரெட் பிடிப்பதுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" எனக் கூறுவது உண்மையாக இருக்கலாம், ஆயினும் முழுமையான விடையன்று. சுங்கான் பழக்கத்தையும், நாளொன்றுக்கு எத்தனை முறை என்பதையும் தாமாகவே தெரிவிக்கவும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், இதய நோய்க்கோ ஆஸ்துமாவுக்கோ மருந்து பெறும்போதும் இத்தகவல் இன்றியமையாதது.

பராமரிப்பாளர்களுக்கு

வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை பெறுபவர் இருப்பின் அங்கு எவரும் சுங்கான் பற்றவைக்கக் கூடாது. அணைந்து அணைந்து மீண்டும் கொளுத்த வேண்டிய இப்புகையிலையால் தீ விபத்துக்கான வாய்ப்பு மிகுதி. உலர வைத்த தகடுகளையும் உதிர்ந்த துகள்களையும் குழந்தைகளுக்கு எட்டாமல் அப்புறப்படுத்தவும். குழந்தை புகையிலையை விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்கச் செய்ய முயல வேண்டாம்.

விட முயல்வோருக்கு நிகோட்டின் ஏக்கம் ஒருபுறமிருக்க, உலர்த்துதல், உதிர்த்தல், நிரப்புதல் என்னும் அன்றாடச் சடங்கே பெரும் பிடிப்பாக அமைகிறது. அந்த நேரத்தில் கைகளுக்கு வேறு வேலை கொடுப்பதும், குழாயையும் டப்பாவையும் வீட்டிலிருந்து அகற்றுவதும் உதவும். தேசியப் புகையிலைக் கைவிடல் உதவி எண்ணான 1800-11-2356-ஐக் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம்.