ஆடாமல் வென்ற பிரிவு

சுன்னாகத்துச் செம்மண் வெளிகளில் வெறுங்காலுடன் பந்துதைத்துப் பழகியோர்க்கு ஒரு கதை பெரிதும் உவப்பானது. 1950ஆம் ஆண்டின் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றும், சப்பாத்து அணியாமையால் தடுக்கப்பட்டது என்பதே அக்கதை. கேட்க இனிமையாயினும், அது வரலாறு ஆகாது.

அவ்வாண்டு தகுதிகாண் போட்டிகளில் பத்தாம் பிரிவு ஆசியாவுக்கு ஒதுக்கப்பெற்றது. இந்தியா, பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நான்கும் அதிலிடம் பெற்றன. நான்குமே 1946க்கும் 1949க்கும் இடையில் தன்னாட்சி பெற்ற நாடுகள். ஏனைய மூன்றும் விலகிக்கொள்ளவே, ஒரு பந்தும் உதைக்கப்படாமல் இந்தியா தகுதி பெற்றது.

இந்திய அணி எளியதன்று. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் மருத்துவரான தாலிமரன் ஆவோவின் தலைமையில் அது பிரான்சை எதிர்த்தது. வீரருட் பெரும்பாலார் வெறுங்காலினர். அவர்களை எவரும் தடுக்கவில்லை. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரண்டு தண்டனை உதைகள் வீணாகியிராவிடின், 2-1 என்ற அத்தோல்வி வெற்றியாகவும் மாறியிருக்கலாம்.

அங்ஙனமாயின் பிரேசிலுக்குப் போகாததன் காரணம் யாது? வீரர் தெரிவில் எழுந்த கருத்து வேற்றுமையையும் பயிற்சிக்குக் காலம் போதாமையையும் இந்தியச் சங்கத்தார் காட்டினர். பயணமோ நெடியது. எனினும் செலவின் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசில் முன்வந்திருந்தது. ஆகவே பணமின்மை மட்டுமே தடையாயிற்று எனல் பொருந்தாது. அக்காலத்து இந்தியர்க்கு ஒலிம்பிக்கே பெரிது. உலகக் கிண்ணத்தின் மதிப்பை அவர்கள் அறிந்திலர் என்று அணித்தலைவராக விளங்கிய சைலேன் மன்னா பிற்காலத்திற் கூறினார். அவர் கூற்றே நம்பத்தக்கது.

இந்தியாவுக்குக் குறிக்கப்பட்டிருந்த குழுவில் இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியன இருந்தன. 1949இல் தூரின் அருகே நேர்ந்த விமான விபத்தில் தன் சிறந்த வீரர்களை இழந்திருந்த இத்தாலி, வான்வழிக்கு அஞ்சிக் கப்பலேறியே பிரேசில் சேர்ந்தது. துயருற்ற நாடு கடல் கடந்து சென்றது. பயணச் செலவில் உதவி பெறவிருந்த நாடு வீட்டிலிருந்தது! மூன்றே அணிகள் ஆடிய அக்குழுவில் சுவீடன் முதலிடம் பெற்றது.

சப்பாத்துக் கதை எங்ஙனம் பிறந்தது? 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோசிலாவியாவிடம் 10-1 எனத் தோற்ற பின்னரே இந்தியச் சங்கம் சப்பாத்தைக் கட்டாயமாக்கிற்று. பின்னது முன்னதன் காரணமாகக் கதையில் ஏறிவிட்டது போலும். 1951இல் டில்லியில் ஈரானை 1-0 என வென்று ஆசியத் தங்கம் கொண்ட அந்நாடு, உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் இன்றளவும் ஆடியதில்லை.

இலங்கைக்கோ 1950இல் இத்தகைய வாய்ப்பே இல்லை. அது உலகச் சம்மேளனத்திற் சேர்ந்தது 1952இலேயே. 1993இல் முதன்முறை தகுதிகாண் பிரிவொன்றில் இறங்கி, எட்டு ஆட்டங்களிலும் தோற்றது. 1996இல் தோகாவில் நடந்த பிரிவும் பத்தாம் எண்ணுடையதே; அதில் இந்தியாவும் பிலிப்பைன்சும் மீண்டும் இருந்தன. இம்முறை எவரும் விலகவில்லை. இலங்கை பிலிப்பைன்சை 3-0 என வென்று, இந்தியாவுடன் 1-1 எனச் சமநிலை கண்டு, கத்தாருக்கு அடுத்த இடத்தைப் பெற்றது.