தண்டனையும் சோதனையும்

இன்பத்திலே இறைவனை வாழ்த்துதல் எவர்க்கும் எளிது. துன்பம் வந்துற்றபோது, அதிலும் அத்துன்பம் தம் பிழையால் வந்ததென்று நெஞ்சம் உறுத்தும்போது, அவன் திருவடியை விடாது பற்றி நிற்றலே அரிது. இவ்வரிய செயலைச் செய்து காட்டியவர் சுந்தரமூர்த்தி நாயனார்.

திருவாரூரிலே பரவையாரை மணந்த சுந்தரர், பின்னர்த் திருவொற்றியூரிலே சங்கிலியாரை மணந்தார். பிரியேன் என்று மகிழ மரத்தின்கீழ்ச் சபதமும் செய்தார். ஆரூர் நினைவு மேலிடவே, சபதத்தை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்ணொளியும் மறைந்தது என்று 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணம் கூறுகின்றது. தம்பிரான் தோழருக்கும் தண்டனையில் சலுகை இல்லை!

கண்ணிழந்த சுந்தரர் என் செய்தார்? தம் பிழையை மறைத்தாரில்லை. முறையிட்டார், பிணங்கினார், வழிபாட்டை மட்டும் விட்டாரில்லை. திருவெண்பாக்கத்திலே கிடைத்தது ஊன்றுகோல் ஒன்றே. காஞ்சியிலே இடக்கண் பெற்றார். ஆரூரிலே வலக்கண் பெற்றார். அருள் சிறிது சிறிதாகவே வந்தது.

இவர் நம் நாட்டிற்கு அந்நியரல்லர். மன்னார்ப் பகுதியிலுள்ள திருக்கேதீச்சரத்தைப் பாடியவர். பொலன்னறுவைச் சிவாலயச் சூழலிலே கிடைத்த சுந்தரரின் வெண்கலத் திருவுருவைக் கொழும்பு நூதனசாலையிலே காணலாம்.

திருநாவுக்கரசர் வரலாறோ வேறு. சைவத்துக்கு மீண்டதற்காகப் பல்லவ மன்னன் அவரை 7 நாள் நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் எறிவித்தான். இது பிழைக்கு வந்த தண்டனையன்று. அரசன் இழைத்த கொடுமை. அவர் அரசனுக்கு அஞ்சவுமில்லை, அரனை மறக்கவுமில்லை.

இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புதல் பெருந்தவறு. மிஷன் பாடசாலையிலே நாம் கேட்ட யோபுவின் கதையிலும், “நீ பாவம் செய்தாய்; ஆதலின் துன்புறுகின்றாய்” என்றே நண்பர்கள் சாதித்தனர். முடிவிலே இறைவன் கடிந்துகொண்டது அந்நண்பர்களையே.

நமது சப்ரகமுவ தோட்டங்களிலும் இக்குழப்பம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் முன்னோரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும், 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. இதனை, “முற்பிறப்பிற் செய்த பாவம்” என்று சொல்லித் தலைகுனிந்தோர் பலர். பாவமன்று, அன்பர்களே! மனிதர் இயற்றிய சட்டம். மனிதர் போராடி மாற்றிய சட்டம். அத்தனை இடரிலும் லயங்களுக்கருகே மாரியம்மனுக்கும் முருகனுக்கும் விளக்கேற்றி வந்தனரே, அவர்கள் நாவுக்கரசர் வழி நின்றவர்கள்.

ஆனால், சம்பளப் பணத்தைச் சாராயத்திலே கரைத்துவிட்டு, பிள்ளையின் படிப்புக் கெட்டதற்கு விதியை நோவது முறையாகுமா? அங்கே நமக்கு வழிகாட்டி சுந்தரர். பிழையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கோயிலுக்குச் செல்ல நாணி ஒதுங்குதல் கூடாது.

இளைஞர்காள்! துன்பம் வரும்போது இது தண்டனையா, சோதனையா என்று நேர்மையோடு ஆராய்வோம். தண்டனையாயின் திருந்துவோம், பிறர் செய்த அநீதியாயின் நிமிர்ந்து நிற்போம். எதுவாயினும் இறைவன் திருவடியை விடாதிருப்போமாக!