சுர்மன் பாறை

சுர்மன் பாறை என்பது ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரின் மேற்குப் பகுதியிலுள்ள கேம்ப் லாங் என்னும் பொதுப் பூங்காவில் அமைந்துள்ள செயற்கைப் பாறை ஆகும். மலையேற்றம் பழகுவதற்கென்றே 1938–39 ஆம் ஆண்டுகளில் இது கட்டப்பட்டது. வட அமெரிக்காவில் மனிதர் கட்டிய முதல் ஏறுபாறை இதுவே எனக் கருதப்படுகிறது. தொடக்கத்தில் இதன் பெயர் மானிட்டர் பாறை. உயரம் ஏறத்தாழ 20 அடிதான். ஆயினும் உயிருக்கு ஆபத்தான ஒரு கலையைப் படிப்படியாகக் கற்பிக்க முடியும் என்று காட்டியதால் இது வரலாற்றில் இடம் பெறுகிறது.

பின்னணி

சியாட்டிலுக்குத் தென்கிழக்கே 14,410 அடி உயரமுள்ள ரெய்னியர் மலை உள்ளது. வானம் தெளிந்த நாள்களில் நகரிலிருந்தே இதைக் காணலாம். மவுன்டனியர்ஸ் என்ற மலையேறுவோர் கழகம் 1906 இலேயே இந்நகரில் தோன்றியது. மலையைப் பார்த்து வளரும் சிறுவர்களுக்கு அதில் ஏறும் ஆசை வருவது இயல்பு. ஆனால் அதை மலையிலேயே சென்று பழகுவது, நீந்தத் தெரியாதவரை ஆற்றின் நடுவில் இறக்கிவிடுவது போன்றது.

கிளார்க் சுர்மன் சாரணர் ஆசிரியர், மலையேற்றம் அறிந்தவர். 1939 முதல் 1942 வரை ரெய்னியர் மலையில் தலைமை வழிகாட்டியாகவும் பணியாற்றினார். சாரணர்கள் நகருக்குள்ளேயே முகாம் வாழ்வையும் மலையேற்றத்தையும் பழக ஓர் இடம் வேண்டும் என்று விரும்பியோருள் இவரும் ஒருவர். நீதிபதி வில்லியம் லாங் மற்றொருவர். பூங்கா இவரது பெயரையே தாங்கியுள்ளது.

கட்டுமானம்

1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தால் 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்திருந்தார். இவர்களுக்கு வேலை தர, குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டின் அரசு 1935 இல் பணி முன்னேற்ற நிருவாகம் என்ற அமைப்பை நிறுவியது. சாலைகள், பள்ளிகள், பாலங்கள் ஆகியவற்றுடன் பூங்காக்களையும் இவ்வமைப்பின் தொழிலாளர்கள் கட்டினர். சுர்மன் வடிவமைத்த பாறையைக் கட்டியவர்களும் அவர்களே. பிழைக்க வழியின்றி நின்றவர்களின் உழைப்பு, அடுத்த தலைமுறைக்குப் பயிற்சிக் களமாயிற்று.

பாடநூலாக ஒரு பாறை

இயற்கைப் பாறையில் எங்கே பிடி கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. சுர்மன் அதை முடிவு செய்தார். மலையில் எதிர்ப்படும் பலவகைச் சிக்கல்களையும் ஒரே பாறையில் சேர்த்தார். விரல் நுழையும் வெடிப்பு, கால் வைக்கும் சிறு திட்டு, வழுக்கும் சரிவு, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை விளிம்பு ஆகியன அவற்றுள் சில. முதுகை ஒரு சுவரிலும் கால்களை எதிர்ச்சுவரிலும் ஊன்றி ஏறும் குறுகிய இடுக்கும் உண்டு. எளியதில் தொடங்கிக் கடினமானதற்குச் செல்லலாம். தவறினால் மீண்டும் முயலலாம். பனியாற்றில் நடக்கப் பழகுவதற்கு ஒரு செயற்கைப் பனியாறும் பூங்காவில் அமைக்கப்பட்டது.

பயின்றோர்

ஏறத்தாழ 68 ஏக்கர் பரப்புள்ள கேம்ப் லாங் 1941 நவம்பர் 8 அன்று திறக்கப்பட்டது. இங்கு ஏறிப் பழகிய சிறுவர்களுள் மேற்குச் சியாட்டிலைச் சேர்ந்த இரட்டையர் சிம் விட்டேக்கர், லூ விட்டேக்கர் ஆகியோர் புகழ்பெற்றவர்கள். 1963 மே 1 அன்று எவரெசுட்டு உச்சியை அடைந்த முதல் அமெரிக்கர் சிம் விட்டேக்கர். அவருடன் உச்சியை அடைந்தவர் நவாங் கோம்பு; டென்சிங்கின் மருமகன். இவர் 1965 இல் இந்தியக் குழுவுடன் மீண்டும் ஏறி, எவரெசுட்டை இருமுறை அடைந்த முதல் மனிதரானார்.

அனைவருக்கும் திறப்பு

பூங்கா நகரின் சொத்தாக இருந்தும், நெடுங்காலம் சாரணர் போன்ற அமைப்புகளின் குழுக்களுக்கே உரியதாக இருந்தது. 1984 இல்தான் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதுவரை எந்த அமைப்பிலும் சேராத குழந்தைக்கு, அருகிலேயே குடியிருந்தாலும், அந்தப் பாறை எளிதில் எட்டாத ஒன்றாகவே இருந்திருக்கும். சுர்மன் 1955 இல் காலமானார். இந்த மாற்றத்தை அவர் காணவில்லை. பாறைக்கு அவர் பெயர் நிலைத்தது. ரெய்னியர் மலையிலுள்ள முகாம் ஒன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இன்றைய நிலை

இங்கிலாந்தின் லீட்சு பல்கலைக்கழகத்தில் 1964 இல் டான் இராபின்சன் ஏறுசுவர் ஒன்றை அமைத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது. இவையெல்லாம் சுர்மன் பாறையிலிருந்து நேராகக் கிளைத்தவை என்று கூற முடியாது. ஆனால் கற்பவர் மலையைத் தேடிச் செல்லும் முன், மலையின் பாடம் கற்பவரைத் தேடி வரலாம் என்ற எண்ணம் இவை எல்லாவற்றுக்கும் பொது. இன்று பல நகரங்களில் அந்தப் பாடத்தைக் கட்டணம் செலுத்தியே கற்க வேண்டியுள்ளது. பொதுப்பணத்தில், பொதுப்பூங்காவில், சிறுவர்களை மனத்தில் கொண்டு கட்டப்பட்டது என்பதே சுர்மன் பாறையின் தனிச்சிறப்பு.